லண்டனில் ஐப்பசி: ஹீட்டிங்கை எப்போது போடுவது?

பிரிட்டனில் உள்ள தமிழ் வீடுகளில் குளிர் தொடங்கும்போது போனை எடுத்தால் முதல் கேள்வி ஒன்றுதான்: ‘ஹீட்டிங் போட்டாச்சா?’ எந்தப் பதிலைச் சொன்னாலும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. போட்டவர் ஊதாரி, போடாதவர் கஞ்சன். 2025 அக்டோபர் 1-ம் தேதி எரிசக்திக் கட்டணம் மறுபடி ஏறியபோது, கஞ்சன் பட்டத்தைப் பலரும் விரும்பியே வாங்கிக்கொண்டார்கள். கவலைக்குரிய விஷயம் அதுதான்.

ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நவம்பர் 1 வரை பாய்லரைத் தொடுவதில்லை என்பது ஆங்கிலேயர்களின் பழைய வைராக்கியம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் நாள்வரை, அதாவது 2025-ல் அக்டோபர் 26-ம் தேதிவரை, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது இன்னொரு கட்சி. நம்மவர்களில் ஒரு சாரார், தீபாவளி கழியட்டும் என்கிறார்கள். எண்ணெய்க் குளியல் முடித்து நடுங்கிக்கொண்டே பட்டுச் சட்டை போடுவதில் என்ன சுகமோ தெரியவில்லை.

ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்று தனியாகப் பிரித்து வைத்த மொழி நம்முடையது. சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் அந்தக் காலத்து ஊர் மக்கள் கதவை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீரைத் தொடாமல், தடவு எனும் கணப்புச் சட்டியில் நெருப்பிட்டுக் குளிர்காயும் காட்சி வருகிறது. குளிர்ந்தது, மூட்டினார்கள். லண்டனில் ஐப்பசி பிறக்கும்போது பகலில் 15 டிகிரி, விடியற்காலையில் ஒன்பதோ பத்தோ இருக்கும். நாம் மட்டும் ஸ்மார்ட் மீட்டரின் சின்னத் திரையில் பென்ஸ் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மூட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கிறோம்.

அம்மா அணைத்துவைத்த ஹீட்டிங்

2024-ல் இதே சமயம் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு இருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெர்மோஸ்டாட்டை 20-ல் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்பும்போது வீடு இதமாக இருக்கும். ஒரு நாள் தலைவலி என்று மதியமே வந்துவிட்டேன். கூடத்தில் 15 டிகிரி. அம்மா அடுக்களையில் இருந்தார். புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா, காலில் என்னுடைய பழைய கால்பந்து சாக்ஸ். இட்லிப் பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்து, ஆவியில் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா அணைச்சே?”

“நான் ஒருத்தி இருக்கறதுக்கு வீடு பூரா எதுக்குடா எரியணும்? நீ வர்றதுக்கு அரை மணி முன்னாடி போட்டுடுவேன்.”

மூன்று வாரமாக இப்படித்தான் நடந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? நான் வரும்போதெல்லாம் வீடு சூடாக இருந்ததே. அன்று பி.பி. பார்த்தோம். மேல் எண் வழக்கத்தைவிட இருபது கூட. டாக்டர் உடனே மாத்திரையை மாற்றவில்லை. பகலில் வீடு எத்தனை டிகிரியில் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

இதை நண்பர்களிடம் சொன்னபோது சிரித்தார்கள். அடுத்த வாரமே அவர்களில் இரண்டு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டு, ‘எங்க வீட்லயும் அதே கதைதான்’ என்றார்கள். பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் பெரியவர்கள்தான். ஆனால், ஹீட்டிங்கை எப்போது போடுவது என்று முடிவுசெய்பவர் பகலெல்லாம் சூடான அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்.

18 என்ற எண்

உலக சுகாதார நிறுவனம் வீட்டுவசதியும் உடல்நலமும் பற்றி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குளிர்நாடுகளில் வீட்டுக்குள் வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கிறது. பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு முகமை சொல்வதும் அதே எண்தான். நாம் புழங்கும் அறைகளிலாவது 18 இருக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள், அதிகம் நடமாட முடியாதவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

காரணம் எளிது. குளிரில் தோலுக்கு அருகே உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும், ரத்தம் கெட்டிப்படும். இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். மாரடைப்பும் பக்கவாதமும் குளிர்காலத்தில் கூடுவது இதனால்தான். மூச்சுக்குழாய்க்கும் குளிர்காற்று ஆகாது.

இன்னொரு சிக்கல், வயதானால் உடம்பு குளிரைச் சரியாக எடுத்துச் சொல்லாது. ‘எனக்கொண்ணும் குளிரலையே’ என்று பெரியவர்கள் சொல்வது பல நேரம் பெருந்தன்மைக்காகச் சொல்லும் பொய். சில நேரம் அது உண்மை. உண்மையாக இருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். நாற்பது டிகிரி வெயிலில் வளர்ந்த உடம்பு எதையும் தாங்கும் என்ற பேச்சையும் கேட்கிறேன். வெயிலைத் தாங்கிய பழக்கம் குளிருக்கு எந்த வகையில் உதவும் என்று யாரும் சொன்னதில்லை.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. குழந்தை தூங்கும் அறை 16-லிருந்து 20-க்குள் இருந்தால் போதும். நாலு போர்வையும் குல்லாயும் சுற்றி, அறையையும் 25-க்கு ஏற்றுவது அன்பினால் செய்கிற தவறு.

ஆகவே, என் யோசனை இது. தேதியை மறந்துவிடுங்கள். சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வாங்கி, வீட்டில் யார் மிகவும் நோஞ்சானோ அவர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் வையுங்கள். அது 18-க்குக் கீழே இறங்கும் நாள்தான் ஹீட்டிங் போடும் நாள். செப்டம்பராக இருந்தாலும் சரி. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டை நம்பினால் போதாதா என்று கேட்கலாம். பல வீடுகளில் அது நடையில் இருக்கும். நடை 19 காட்டும்போது வடக்குப் பார்த்த பின்னறை 16-ல் இருக்கும்.

ஏறியது எது?

இனி பணத்துக்கு வருவோம். ‘விலை ஏறிவிட்டது, அதனால் தள்ளிப்போடுகிறோம்’ என்கிறார்கள். ஏறியது எது என்று பில்லைப் புரட்டிப் பார்த்தவர்கள் குறைவு.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை உச்சவரம்பு அறிவிக்கிறது. 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சராசரிக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,755 பவுண்டாக இருந்தது. முந்தைய காலாண்டில் 1,720. இரண்டு சதவீதம், மாதத்துக்கு மூன்று பவுண்டு அளவில் ஏற்றம். உச்சவரம்புத் தொகைக்கு மேல் பில் வராது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும். உச்சவரம்பு யூனிட் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான். அதிகம் எரித்தால் அதிகம் கட்ட வேண்டும்.

அந்த இரண்டு சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. காஸ் ஒரு யூனிட் 6.33 பென்ஸிலிருந்து 6.29 ஆக இம்மியளவு குறைந்தது. மின்சாரம் 25.73-லிருந்து 26.35 ஆனது. காஸுக்கான நிலைக்கட்டணம் ஒரு நாளைக்கு 29.82 பென்ஸிலிருந்து 34.03-க்குத் தாவியது. மின்சார நிலைக்கட்டணமும் கூடி 53.68 பென்ஸ் ஆனது. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், இவை சராசரி.

ஹீட்டிங்கைப் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் காலாண்டில் இரண்டு நிலைக்கட்டணமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 88 பென்ஸ் போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 320 பவுண்டு, ஒரு விளக்கைக்கூட ஏற்றாமலே! அம்மா அணைத்து மிச்சம்பிடித்த காஸ் யூனிட்டின் விலையோ ஏறவே இல்லை.

பதினைந்து நாள் முன்னதாகப் போட்டால் எவ்வளவு ஆகும்? அக்டோபர் குளிருக்குக் காலையும் மாலையும் எரித்து, ஒரு நாளைக்கு 20 யூனிட் காஸ் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் 1 பவுண்டு 26 பென்ஸ். பதினைந்து நாளுக்கு 19 பவுண்டு. ஒரு வேளை சரவணபவனில் இரண்டு பேர் சாப்பிட இது போதாது. இல்லாதவருக்கு 19 பவுண்டும் பெரிய தொகைதான், அதை மறுக்கவில்லை. ஆனால், இருப்பவர்களும் இதே தொகைக்காகப் பிடிவாதம் பிடிப்பதைத்தான் பார்க்கிறேன்.

மலிவு என்று நினைக்கும் ஹீட்டர்

பாய்லரைத் தள்ளிப்போடுகிறவர்கள் அந்த நாட்களில் சும்மா குளிரில் கிடப்பதில்லை. கடைக்குப் போய் முப்பது பவுண்டுக்கு ஒரு மின்விசிறி ஹீட்டர் வாங்கிவருகிறார்கள். ‘ஒரே அறைக்குத்தானே’ என்கிறார்கள். 2,000 வாட் ஹீட்டர் தொடர்ந்து ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட், அதே காலாண்டு விலைப்படி 53 பென்ஸ். எட்டு மணி நேரத்துக்கு 4 பவுண்டு 20 பென்ஸுக்கு மேல். முன்பு பார்த்த 20 யூனிட் காஸில் வீடு முழுக்கச் சூடாகும், செலவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அப்போது யூனிட்டுக்கு யூனிட் மின்சாரம் காஸைப் போல நான்கு மடங்குக்கு மேல் விலையாக இருந்தது.

மின்சாரத்தில் உருப்படியான ஒன்று உண்டு. மின்போர்வை சுமார் 100 வாட்தான் இழுக்கும். அந்த விலையில் மணிக்கு 2.6 பென்ஸ். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு மடியில் போட்டுக்கொள்ளும் வகையில் ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அறை 18-ல் இருந்தால் அதற்கு மேலான சொகுசு அது. அறைக்குப் பதிலாக அது ஆகாது, ஏனென்றால் மூச்சில் போகும் காற்றை மின்போர்வை சூடாக்காது.

காஸ் இணைப்பே இல்லாத அடுக்கக வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.

முன்பணம் கட்டும் மீட்டர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோடையில் காஸ் மீட்டரில் பணம் போடாமல் விட்டிருந்தாலும் நிலைக்கட்டணம் கடனாக ஏறிக்கொண்டே இருந்திருக்கும். 2025-ல் ஜூலை முதல் செப்டம்பர் வரை மட்டும் 25 பவுண்டுக்கு மேல். முதல் குளிரில் ஓடிப்போய்ப் பத்து பவுண்டு போட்டால், அதை மீட்டர் பழைய கடனுக்கு விழுங்கிக்கொண்டு காஸ் தராது. குளிர் இறங்குவதற்கு முன்பே மீட்டரில் என்ன பாக்கி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒன்பது அங்குலச் சுவரும் இட்லி ஆவியும்

ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் நம்மவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முந்தையவை. ஊரில் நாம் பார்த்த அதே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நடுவே இடைவெளி கிடையாது. வெளியே 8 டிகிரி என்றால் உள்சுவரும் சில்லென்று ஆகிவிடும்.

அதற்குள் நாம் என்ன செய்கிறோம்? காலையில் இட்லி, மதியத்துக்குச் சோறு வடிப்பது, ராத்திரி ரசம். குளியல் வெந்நீர். ஐந்து பேர் மூச்சு. போதாக்குறைக்குத் துவைத்த துணியை எல்லா ரேடியேட்டர் மேலும் விரித்துப் போடுகிறோம். ஒரு மெஷின் துணி காயும்போது இரண்டு லிட்டர் தண்ணீர்வரை காற்றில் கலக்கும். 20 டிகிரி காற்று தாங்கும் நீராவியில் ஏறக்குறைய பாதியைத்தான் 10 டிகிரி காற்று தாங்கும். மிச்சம் எங்கே போகும்? சில்லென்ற சுவரில் வேர்த்து வழியும். பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டு மூலையில் முதலில் ஓதம், பிறகு கறுப்புப் புள்ளிகள். நவம்பரில் கண்ணுக்குத் தெரியும் பூசணம் அக்டோபரில், நாம் மிச்சம்பிடித்த அந்த இரண்டு மூன்று வாரத்தில், வேர்விட்டது.

பாதி நாள் வெந்து பாதி நாள் விறைக்கும் வீட்டைவிட, மிதமான சூட்டில் ஒரே சீராக இருக்கும் வீட்டில் ஓதம் குறைவு. சமைக்கும்போது வெளியேற்றும் மின்விசிறியைப் போடுங்கள், அடுக்களைக் கதவைச் சாத்துங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள். துணியை ஒரே அறையில் காயப்போட்டு அந்த அறை ஜன்னலை ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள்.

பூசணம் வந்தால் வீட்டுக்காரர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ‘உங்கள் சமையல்’. இந்தப் பேச்சுக்கு இங்கே ஒரு குழந்தை பலியாகியிருக்கிறது. ரோச்டேல் நகரில் பூசணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். நீண்ட நாள் பூசணத்தைச் சுவாசித்ததால் வந்த மூச்சுக்கோளாறுதான் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். குழந்தையின் அப்பா வருடக்கணக்கில் புகார் செய்துவந்தவர். சூடானிலிருந்து வந்த குடும்பம் அது. அவர்களுடைய வாழ்க்கை முறையே காரணம் என்று அனுமானித்தது தவறு என அந்த வீட்டுவசதி நிறுவனம் பிற்பாடு ஒப்புக்கொண்டது.

அந்தக் குழந்தையின் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27-ம் தேதி இங்கிலாந்தின் சமூக வீடுகளில் அமலுக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான கோளாறை 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதம், பூசணம் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை விரிக்க வழிசெய்யும் மசோதாவும் 2025 அக்டோபரில் சட்டமானது. கவுன்சில் வீட்டில் இருப்பவர்கள் இப்போதே படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுத்துவையுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

பொத்தான் வேறொருவர் கையில்

இதுவரை சொன்னதெல்லாம் தெர்மோஸ்டாட் தன் கையில் உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளில் பலர் ‘பில் உட்பட’ என்ற வாடகையில் ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அங்கே தெர்மோஸ்டாட்டுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குப் பூட்டு. அல்லது வீட்டுக்காரர் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு செல்போனிலேயே அணைத்துவிடுகிறார். காலையில் ஒரு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். நடுவே படிக்கிற பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு டைப் அடிக்கிறது.

எழுத வருத்தமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்: நான் பார்த்த இப்படிப்பட்ட வீடுகளில் வீட்டுக்காரர்களில் பலர் நம்மவர்களே. ‘தம்பி, நாங்க வந்த காலத்துல ஒரே ஒரு ஹீட்டரைச் சுத்தி ஏழு பேர் படுத்தோம்’ என்று தொடங்குவார்கள். அப்போது பட்டது கொடுமை என்று தெரிந்தவர், இன்னொருவரிடம் அதற்கு வாடகையும் வாங்குவது என்ன நியாயம்?

சட்டம் இங்கே பாதிதான் துணைவரும். ஹீட்டிங் சாதனத்தைப் பழுதின்றி வைத்திருப்பது 1985-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. அளவுக்கு மீறிய குளிர், 2004-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 29 ஆபத்துகளில் ஒன்று. கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், அவர் வந்து பார்க்கலாம். ஆனால், இந்தத் தேதி முதல் இத்தனை டிகிரி இருந்தாக வேண்டும் என்ற நேரடி விதி இங்கிலாந்தில் இல்லை.

மற்ற இடங்களில் இருக்கிறது. நியூயார்க் நகரில் அக்டோபர் 1 முதல் மே 31 வரை ‘ஹீட் சீசன்’. பகலில் வெளியே 13 டிகிரிக்குக் கீழே போனால் வாடகை வீட்டுக்குள் 20 இருக்க வேண்டும், இரவில் எப்படியும் 17-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஸ்கார்பரோவில் இத்தனை தமிழர்கள் வாழும் ஒன்டாரியோ மாகாணத்தில், வீட்டுக்காரர்தான் ஹீட்டிங் தருகிறார் என்றால் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 டிகிரி. இத்தாலி எதிர்ப்பக்கத்திலிருந்து விதி போட்டிருக்கிறது. நாட்டை ஆறு மண்டலமாகப் பிரித்து, எந்தத் தேதிக்கு முன் போடக் கூடாது என்று சொல்கிறது. மிலானில் அக்டோபர் 15. பிரிட்டன் மட்டும் எல்லாவற்றையும் அவரவர் பர்ஸுக்கும் மனசாட்சிக்கும் விட்டுவிட்டது.

என்ன செய்யலாம்?

முதலில் வீட்டில். பாய்லரை இந்த வார இறுதியிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் உறைபனிக்குப் பிறகு கூப்பிட்டால் மெக்கானிக் கிடைக்க ஒரு வாரம் ஆகும். ரேடியேட்டர் மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. சின்னச் சாவியால் திருகி, உஸ் என்ற சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடினால் சரியாகிவிடும். பிறகு பாய்லரின் அழுத்த முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

வெந்நீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு 70, 75 என்று இருப்பதை 60-க்கு இறக்குங்கள். 2005-லிருந்து இங்கே பொருத்தப்படும் பாய்லர்கள் புகையில் போகும் நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் வகை. தண்ணீர் அதிகச் சூட்டில் திரும்பி வந்தால் அந்த வித்தை நடக்காது. அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், காஸ் மிச்சம். தொட்டி உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம், தொட்டித் தண்ணீரில் கிருமி வளரும். தெர்மோஸ்டாட்டை 30-க்குத் திருகினால் சீக்கிரம் சூடாகும் என்பதும் தவறு. வேகம் அதேதான், நிற்கும் இடம்தான் தள்ளிப்போகும்.

மலிவாக முடித்துத் தருகிறேன் என்று வரும் ‘நம்ம பையனிடம்’ பாய்லரைக் கொடுக்காதீர்கள். காஸ் சேஃப் பதிவட்டை உள்ளவர் மட்டுமே கைவைக்கலாம். வாடகை வீடென்றால் ஆண்டுதோறும் காஸ் சோதனைச் சான்றிதழ் தருவது வீட்டுக்காரரின் கடமை. பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் கட்டாயம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வெளியே போனால் சரியாகிறது என்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறி 0800 111 999-ஐ அழையுங்கள்.

அடுத்து, உரிமையுள்ள பணத்தை வாங்குங்கள். 2024-ல் பறிக்கப்பட்ட குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 2025-ல் பெரும்பாலான ஓய்வூதியர்களுக்குத் திரும்பியது. 200 பவுண்டு, 80 வயதைக் கடந்தவர் இருந்தால் 300. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டைத் தாண்டினால் வரியில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். 150 பவுண்டு பில் தள்ளுபடி, வருமானத்தைப் பொறுத்த அரசு உதவி பெறும் எல்லாக் குடும்பங்களுக்கும் 2025 குளிர்காலத்தில் விரிவானது. இதில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. பில் அந்த உதவியைப் பெறுபவர் பெயரிலோ அவருடைய கணவன், மனைவி பெயரிலோ இருக்க வேண்டும். தனியாக வசிக்கும் அப்பாவின் மின்சார பில் வசதிக்காக மகன் பெயரில் இருந்தால் தள்ளுபடி கிடைக்காது. மாற்றிவிடுங்கள்.

மின்சார, காஸ் நிறுவனங்கள் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்று வைத்திருக்கின்றன. முதியவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, நீண்டகால நோயாளி இருக்கும் வீடுகள், ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இலவசமாகப் பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு போன் போதும். பாக்கி விழுந்தால் ஒளிந்துகொள்ளாமல் கூப்பிட்டுத் தவணை கேளுங்கள். 75 வயதைத் தாண்டி ஆதரவின்றி இருப்பவர் வீட்டிலும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டிலும் வற்புறுத்தி முன்பண மீட்டர் மாட்டக் கூடாது என்பது ஆஃப்ஜெம் விதி.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும், பார்க்க வந்த பெற்றோருக்கும் இந்த அரசு உதவிகள் எதுவும் இல்லை. அவர்களுக்குச் சமூகம்தான் ஏதாவது செய்ய வேண்டும். நம் கோயில்களும் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் பகலில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் இரண்டு பகல் ஒரு கூடத்தைச் சூடாக்கி, டீ வைத்து, பெரியவர்களை வந்து உட்காரச் சொல்லலாம். தேர்த் திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு துளி போதும்.

அரசிடம் கேட்க வேண்டியவை இரண்டு. பயன்படுத்தாத காஸுக்குக் கட்டும் நிலைக்கட்டணத்தைக் குறைத்து, அந்தச் சுமையை அதிகம் எரிப்பவர் பக்கம் நகர்த்த வேண்டும். பில் உட்பட வாடகை வாங்கும் வீடுகளில் நியூயார்க், ஒன்டாரியோ போல வெப்ப அளவைச் சட்டத்தில் எழுத வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதும்போது இந்த இரண்டையும் எழுதுங்கள்.

அதற்கு முன் இன்னொரு வேலை. இதை நீங்கள் அலுவலகத்தில் படித்துக்கொண்டிருந்தால், அம்மாவோ அப்பாவோ இப்போது வீட்டில் தனியாக இருந்தால், ஒரு போன் போடுங்கள். குளிருதா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் உள்ள வெப்பமானியில் என்ன எண் தெரிகிறது என்று கேளுங்கள்.